டைவர்ஸுக்கு எவ்வளவு ஆகும்? குடும்ப வழக்குக்காக முதல்முறை நீதிமன்றம் வருகிறவர்களுக்கு

நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்தில் வாரத்தில் இரண்டு நாள் தன்னார்வலராக உட்காருகிறேன். அங்கே வரும் பெண்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, “டைவர்ஸ் வாங்க எவ்வளவு ஆகும்?” என்பதுதான்.

ஒரு மழைக்காலக் காலையில் வந்தவரும் அதையேதான் கேட்டார். நனைந்த மஞ்சப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை, ஆல்பத்திலிருந்து உருவிய இரண்டு போட்டோ, மகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு அடகுக்கடை ரசீது எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் பரப்பினார்.

“வக்கீல் முப்பதாயிரம் கேக்குறாருக்கா. தோட்டை வெச்சாலும் இருபதுக்கு மேல தேறாது. எப்படியாவது டைவர்ஸ் வாங்கிக் குடுத்துடுங்க.”

“சரிம்மா. நாளைக்கே டைவர்ஸ் கிடைச்சிடுச்சுன்னு வெச்சுக்கோ. உனக்கு என்ன மாறும்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். “பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்கா. எட்டு மாசமா அவர் ஒரு ரூபா அனுப்பல. அம்மா வீட்டுல எத்தனை நாள் இருக்கிறது, அண்ணி மூஞ்சியப் பாத்துச் சோறு எறங்க மாட்டேங்குது.”

அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது செலவுக்குப் பணமும் தலைக்கு மேல் ஒரு கூரையும். விவாகரத்துத் தீர்ப்பு கிடைப்பதால் மட்டும் அது இரண்டும் வந்துவிடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் முக்கியமாக இதைத்தான். விவாகரத்து என்பது திருமண உறவைச் சட்டப்படி முடிக்கிற தீர்ப்பு. ஜீவனாம்சம், பாதுகாப்பு, வீடு, குழந்தை இவற்றுக்கெல்லாம் தனித்தனி மனுக்கள் இருக்கின்றன. விவாகரத்து கேட்காமலே அவற்றைப் போடலாம். சில மனுக்கள் விவாகரத்தைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம்

முதலில் அந்த முப்பதாயிரத்தைப் பற்றிப் பேசிவிடலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, யார் யாருக்கு இலவச வக்கீல் உண்டு என்று சொல்கிறது. அதில் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. கூலி வேலை செய்பவரானாலும் ஆசிரியை ஆனாலும் சரி, பெண் என்பதே தகுதி. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றோருக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு மட்டும் வருமான வரம்பு பார்ப்பார்கள்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வளாகத்தில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருவோம். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிக்கிற செலவு, தீர்ப்பு நகல் எல்லாம் அதில் அடக்கம். நியமிக்கப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆணைக்குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள். செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதிதான்.

“இலவசமா வர்ற வக்கீல் ஒழுங்கா நடத்துவாரா?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. நேர்மையாகச் சொன்னால், எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். காசு வாங்கும் வக்கீல்களிலும் அப்படித்தானே. கொடுத்த வக்கீல் சரியில்லை என்றால் காரணம் சொல்லி வேறு வக்கீல் கேட்கலாம். சொந்தச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்வதானால், மொத்தம் எவ்வளவு, எதெது அதில் சேரும், வாய்தாவுக்கு வாய்தா தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். எதுவும் எழுதாத வெள்ளைத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் மனு, ஜீவனாம்சம்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு என்று பலருக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு வந்திருக்கிறது. எண்தான் மாறியது, உரிமை அப்படியே இருக்கிறது. தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாத மனைவி, குழந்தைகள், வயதான அப்பா அம்மா என எல்லோரும் இதில் கேட்கலாம். மதம் ஒரு தடை இல்லை. விவாகரத்தாகி, மறுமணம் செய்யாத பெண்ணும் கேட்கலாம். முஸ்லிம் பெண்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடியும் உறுதியாகச் சொன்னது.

இந்த மனுவைக் கணவரின் ஊருக்குப் போய்ப் போட வேண்டும் என்று இல்லை. நீங்கள் இப்போது வசிக்கிற ஊரிலேயே போடலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே, இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்.

“ஐந்நூறு ரூபாய்க்கு மேல தர மாட்டாங்களாமே” என்று இன்றும் வயதான அம்மாக்கள் வந்து கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. அந்த உச்சவரம்பை 2001இலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது கணவரின் வருமானம், குடும்பத்தின் தேவை, இதுவரை வாழ்ந்த நிலை இதையெல்லாம் பார்த்து நீதிபதி தொகையை முடிவு செய்வார். வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு உடனே மனுப் போடலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும்தான். ஆனாலும் அந்த 60 நாளை நீதிபதிக்கு நினைவூட்ட உங்கள் வக்கீலால் முடியும், செய்யச் சொல்லுங்கள்.

சம்பளத்தை எப்படி நிரூபிப்பது என்பது அடுத்த கவலை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நல்ல வழி செய்துகொடுத்தது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்டி உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஜீவனாம்சமும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அதனால் யோசித்துக்கொண்டே ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதப் பணமும் போய்விடும்.

உத்தரவு வாங்கிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். கணவர் பணம் கட்டாவிட்டால் நீதிமன்றம் தானாக வசூலித்துத் தராது. நீங்கள்தான் நிறைவேற்று மனுப் போட வேண்டும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இந்த 144ஆவது பிரிவின்கீழ் மனுப் போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று ஒரு டைரியில் குறித்து வையுங்கள். அந்த டைரியைப் பார்த்துத்தான் வக்கீல் மனுவே எழுதுவார்.

அடியும் மிரட்டலும் இருந்தால்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. கேவலமாகப் பேசுவது, செலவுக்குத் தராமல் இருப்பது, நகையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எல்லாமே அதில் வரும். அருகே வரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு உத்தரவு, பணம், குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை என எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை உண்டு.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, நமக்கு என்ன உரிமை என்று நினைத்துப் பலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடு அவருடைய உறவினர் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமையைக் கேட்கலாம். சொத்தில் பங்கு என்பது வேறு, தங்கும் உரிமை என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சமூகநலத்துறையில். அவரிடம் போனால் நடந்ததைக் கேட்டு அறிக்கை தயார் செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அவசரம் என்றால் 181. அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அதை மாற்றப் பெரும்பாடு.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 1992இல், சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. புகார் கொடுத்தால் அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒன்று, காவல் நிலையத்தில் இரண்டு பேரிடமும் பிரிந்து போவதாக எழுதி வாங்கினால் அது விவாகரத்து ஆகாது.

பஞ்சாயத்தில் தீர்த்துவிடுவதும் அப்படித்தான். “அத்து விட்டுட்டாங்க, இருபது ரூபா பத்திரத்துல எழுதியாச்சு” என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். சில சமூகங்களில் வழக்கப்படி பிரிவதை இந்துத் திருமணச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது லேசில் ஆகாது. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணமே செல்லாமல் போகலாம். அதில் அதிகம் அடிபடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது மனைவிதான்.

இனி விவாகரத்து

எந்தச் சட்டப்படி கேட்பது என்பது எப்படித் திருமணம் நடந்தது என்பதைப் பொறுத்தது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணமும் 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இதில்தான் வரும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று சொன்னாலும் அரசின் சட்டப்படி நீதிமன்றம்தான் முடிவு சொல்ல வேண்டும். முஸ்லிம் பெண்கள் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்கலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017இல் செல்லாது என்றது, 2019 முதல் அது குற்றம். பதிவுத் திருமணமாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்துகொண்டவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே. கீழே சொல்வது இந்துத் திருமணச் சட்டத்தை வைத்துத்தான்.

திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டால் விவாகரத்துக் கேட்க முடியாது என்பது தவறு. பத்திரிகை, போட்டோ, பார்த்த சாட்சி போதும். திருமணமாகி ஓராண்டு ஆகாமல் மனுப் போட முடியாது, மிகவும் கொடுமையான சூழ்நிலைக்கு மட்டும் நீதிமன்றம் விலக்குத் தரலாம். மனைவி தன் இப்போதைய ஊரிலேயே மனுப் போடலாம்.

இரண்டு பேரும் சம்மதித்தால் 13பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். நெடுநாள் பிரிந்து வாழ்ந்து, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்துவிட்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

இந்த ஆறு மாத இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாவது முறை சம்மதம் சொல்லும்வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். முதல் நாளே முழுப் பணத்தையும் கொடுத்த ஆண்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தருகிறேன் என்ற பேச்சை நம்பி, ஒன்றும் வாங்காமல் கடைசிச் சம்மதத்தையும் சொல்லிவிட்ட பெண்களையும் பார்த்திருக்கிறேன். தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முதல் நாளிலும், மறுபாதி இரண்டாவது நாளில் நீதிபதி முன்னால் டி.டி.யாகவும் கொடுப்பதுதான் இருவருக்கும் பத்திரம். நகை, சீர்ச் சாமான், குழந்தையைப் பார்க்கிற நாள், நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுடைய சொத்து என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

ஒருவர் மறுத்தால் 13ஆவது பிரிவில் காரணம் காட்ட வேண்டும். கொடுமை, இரண்டாண்டு கைவிட்டுப் போனது, வேறு தொடர்பு, மதம் மாறியது போன்றவை காரணங்கள். ‘எங்களுக்கு ஒத்துப்போகவில்லை’ என்பது சாதாரண நீதிமன்றத்தில் காரணம் ஆகாது. உறவு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து விவாகரத்துத் தரும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு, 2023 மே மாதத் தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. எதிர்த்து நடக்கும் வழக்கில் பிரமாண வாக்குமூலம், குறுக்கு விசாரணை, சாட்சி என்று வருடக்கணக்கில் போகலாம். வாட்ஸ்ஆப் செய்தியைச் சாட்சியமாக வைக்க நினைத்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனையும் பத்திரமாக வையுங்கள். அதற்கு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், வக்கீல் தயார் செய்வார்.

சம்மன் வந்தால் வாங்கிவிடுங்கள். தபால்காரரைத் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று ஆண்களும் பெண்களும் நினைக்கிறார்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு, உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் ரத்து செய்யக் கேட்க விவாகரத்து வழக்கில் 30 நாள்தான் அவகாசம். சம்மனே முறையாக வராதிருந்தால் மட்டும் தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். வாய்தா தேதியை வக்கீல் குமாஸ்தாவிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் உங்கள் போனிலேயே தெரியும்.

குழந்தை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு மேல், நீதிமன்றம் பார்ப்பது குழந்தைக்கு எது நல்லது என்பதை மட்டும்தான். யார் பக்கம் நியாயம் என்பதற்குப் பரிசாகக் குழந்தையைத் தர மாட்டார்கள். உத்தரவு வந்த பிறகும் சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். பார்க்க வரும் அப்பாவிடம் போகாதே என்று காதில் ஓதி அனுப்பப்பட்ட குழந்தை, வராந்தாவில் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கும் போகாமல் இங்கும் வராமல் நடுவில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் முதலில் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, சேர்த்துவைக்க முயன்று பார்ப்பது நீதிபதியின் கடமை. உங்களைக் கட்டாயப்படுத்திச் சேர்த்துவைக்க மாட்டார்கள். வன்முறை நடந்திருந்தால் அதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசலாம். நீதிபதி உங்களிடம் நேராகக் கேள்வி கேட்கலாம், அதனால் உங்கள் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முந்தின நாளே ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வந்த கையோடு மறுமணத்துக்கு நாள் குறிக்க வேண்டாம். மேல்முறையீட்டுக்கான 90 நாள் தாண்டட்டும்.

மஞ்சப்பையோடு வந்த அந்தப் பெண்ணுக்கு அன்று மதியமே மனு எழுதினோம். அந்த வாரமே வக்கீல் நியமனமானார். முதலில் ஜீவனாம்ச மனு, கூடவே இடைக்கால மனு. தோடு காதிலேயே இருந்தது. நாலு மாதம் போல ஆனது இடைக்கால உத்தரவு வர. இப்போது மாதம் பிறந்தால் டைரியோடு வந்து, பணம் ஏறியதா என்று பாஸ்புக்கைக் காட்டிவிட்டுப் போகிறார். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்திருக்கிறார். விவாகரத்து மனுவை இன்னும் போடவில்லை. “பாப்பா அஞ்சாவது முடிக்கட்டும்கா, அப்புறம் யோசிக்கிறேன்” என்றார் போன தடவை.